கூவி கூப்பிட்ட மத்தியானம்

இன்னும் சரியாக விடியவில்லை. அதற்குள் வரிசைக்கு ஒருத்தியாக இடுப்பில் வாளியைக் கட்டிக்கொண்டு குனிந்தாயிற்று. டப்பாவில் புளூபெர்ரி என்று அச்சடித்திருக்கும். பறிக்கிறவர்கள் வாயில் அது நீலப்பழம். வெயில் ஏறினால் பழம் சூடாகும், சூடான பழம் லாரியில் போகும்போதே தொளதொளத்துவிடும். அதனால் ஊர் புரண்டு படுக்கிற நேரத்தில் இவர்களுக்கு வேலை பாதி ஓடியிருக்க வேண்டும். அந்தச் செடி குளிர் தேசத்துப் பிறவி. அதைக் கொண்டுவந்து இந்தக் கொதிக்கிற மண்ணில், தென்னை நார்த்தூள் நிரப்பிய பைகளில் நட்டு, புளிப்பேற்றிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊட்டி, தூங்கவே விடாமல் காய்க்க வைக்கிறார்கள். செடிக்கே ஓய்வு இல்லாத தோட்டத்தில் ஆளுக்கு ஓய்வு எங்கிருந்து வரும்?

பழத்தின் மேல் வெள்ளையாக மாவு பூத்திருக்கும். அது அழியாமல் பறிக்க வேண்டும். அழிந்தால் விரல் பட்ட இடம் கறுத்துத் தெரியும். கடல் தாண்டிப் போகிற பழத்தில் பறித்தவளின் கைரேகை இருக்கக் கூடாதாம். அதனால் பிடித்தும் பிடிக்காமலும் கட்டைவிரலால் உருட்டி, உள்ளங்கையில் விழவைத்து, அங்கிருந்து வாளிக்கு நழுவ விட வேண்டும். இதில் தோட்டத்திலேயே கெட்டிக்காரி எக்ஸ்பிரஸ். இரண்டு கையும் இரண்டு கிளையில் ஒரே சமயத்தில் ஓடும். "இது பாசஞ்சர் இல்லப்பா, எக்ஸ்பிரஸ்" என்று மேஸ்திரி ஒருநாள் வாய்தவறிப் பாராட்டிவிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

அந்த எக்ஸ்பிரஸ் இப்போதெல்லாம் அடிக்கடி நின்றுவிடுகிறது.

"ஹோஓ—ய்! ஹோஓ—ய்! போ, போ, போயிரு!"

மூலைக் கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கரிலிருந்து குரல் கிளம்பியது. வரிசைகளுக்கு மேலே கூட்டமாக வந்த குருவிகள் சட்டென்று திசை மாறின. குரலின் முடிவில் ஒரு சிரிப்பு, பாதியிலேயே அறுந்த சிரிப்பு, கேட்டது. எக்ஸ்பிரஸின் கை கிளையிலேயே நின்றது. பிறகு அவள் மூச்சை விட்டாள், கை நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே குரல், அதே சிரிப்பு.

அது அவள் அண்ணியின் குரல். அண்ணி செத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

தோட்டத்துக்கு வலை போடச் செலவாகும் என்று முதலாளி குருவி விரட்ட ஆள் வைத்தார். அந்த ஆள்தான் அண்ணி. அவளுக்குத் தொண்டை அப்படி. ஒரு கூவு கூவினால் கடைசி வரிசைக் குருவியும் எழுந்து ஓடும். எல்லாரும் அவளைக் கூவி என்றே கூப்பிட்டார்கள், அவளும் அதில் பெருமைப்பட்டாள். பிறகு முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. மேஸ்திரி தன் போனை நீட்டி, "கூவி, நல்லா ஒரு தடவ கூவு" என்றான். அவள் கூவினாள். கடைசியில், "போதுமா, இன்னும் வேணுமா மாமா?" என்று கேட்க வாயெடுத்துச் சிரித்துவிட்டாள். மேஸ்திரி அதற்குள் பதிவை அமுக்கி நிறுத்திவிட்டான். மறுநாளிலிருந்து நான்கு கம்பங்களிலும் அவள் குரல். அவளுக்கு விரட்டுகிற வேலை இல்லை. வாளியைக் கட்டிக்கொண்டு பறிக்க வந்துவிட்டாள். "எங்கொரலு எம்பொழப்பத் தின்னுடுச்சுடி" என்று வரிசையில் குனிந்தபடி அவள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

ஆரம்பத்தில் ஸ்பீக்கர் கூவும்போதெல்லாம் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி கத்தினான். "அங்க என்ன பார்வ? கூப்பிட்டது குருவிய. உன்ன இல்ல. கையப் பாரு!" நாள் போகப் போக யாரும் நிமிர்வதில்லை. குருவிக்குக்கூட அந்தக் குரல் பழகவில்லை, மனுஷர்களுக்குப் பழகிவிட்டது.

அவள் செத்த அந்த மத்தியானம் லாரிக்குக் கொஞ்சம் பழம் குறைந்தது. தோட்டத்தின் ஓரத்தில் பாலிதீன் கூடாரம் ஒன்று இருக்கிறது. பக்கவாட்டுத் தாள்களை இறக்கியே வைத்திருப்பார்கள். உள்ளே சூடு கட்டினால் பழம் சீக்கிரம் பழுக்கும், சீக்கிரம் வந்த பழத்துக்கு நல்ல விலை. மத்தியானத்தில் அதற்குள் நிற்பதும் அடுப்புக்குள் நிற்பதும் ஒன்று. மேஸ்திரி கூவியைப் பார்த்து, "உள்ள பழுத்தத வழிச்சுட்டு ஓடியா" என்றான். அவள் போனாள். அவன் வழக்கம்போல வெளிக்கொக்கியை மாட்டிவிட்டு லாரிப் பக்கம் போனான். கதவு காற்றில் திறந்து குருவி நுழைந்துவிடக் கூடாது என்பது சட்டம். அங்கே லாரிக்காரனோடு பேச்சு வளர்ந்தது. கூவியை மறந்துவிட்டான்.

திறந்தபோது அவள் கதவுக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தாள். வாளி நிறைந்திருந்தது, ஒரு பழத்திலும் மாவு கலையவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு வண்டி ஆஸ்பத்திரிக்குப் போனது. அந்த வாளிப் பழம் இன்னொரு வண்டியில் துறைமுகத்துக்குப் போனது. அந்தப் பழத்தையும் யாரோ கழுவித் தின்றிருப்பார்கள்தானே.

எக்ஸ்பிரஸ் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த மத்தியானம், கூடாரத்துக்கு அடுத்த வரிசையில் அவள் பறித்துக்கொண்டிருந்தபோது, "ஹோஓ—ய்" என்று கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடி, மெலிந்து. மூன்றாவது தடவையும் கேட்டது. சிரிப்பு மட்டும் வரவில்லை. ஸ்பீக்கர் இழுக்கிறது போல என்று நினைத்தாள். நிமிரவில்லை. கையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அண்ணன் வந்து கேட்டான். அவன் தோட்டத்துத் தண்ணீர்க்காரன். மோட்டார் கொட்டகையில் இருந்துகொண்டு குழாய்களைத் திறந்து மூடுகிறவன். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அன்னிக்கு உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சாம்மா?" என்றான். "இல்லண்ணே" என்றாள். அவன் ஒவ்வொரு வீடாகப் போய் அதையே கேட்டான். எல்லாரும் இல்லை என்றார்கள். ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லலாம் என்று பெண்கள் பேசியபோது அவன்தான் தடுத்தான். "அதையாச்சும் விட்டு வைங்க. எனக்குன்னு வேற என்ன இருக்கு?" தினமும் விடியலில் கம்பத்தடியில் போய் நின்று கேட்பான். அவனுக்கு அது ஆறுதல் என்று அவள் நினைத்தாள். அவளுக்கோ ஒவ்வொரு கூவலும் கன்னத்தில் ஒரு அறை.

வெயில் ஏறிய பிறகு முதலாளியின் கார் வந்தது. முதலாளி கத்துகிற ஆள் இல்லை. அம்மா, ஐயா என்று வாயில் தேன் தடவிப் பேசுகிறவர். அவர் கத்தினால்கூட எதிர்த்து நிற்கலாம் என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். எல்லாரையும் எடைமேடைக்கு வரச் சொன்னார்.

"நாளைக்குக் காலைல தொழிலாளர் ஆபீஸ்லேர்ந்து ஒரு அதிகாரி வர்றாரு. கேள்வி கேப்பாரு. பயப்பட ஒண்ணுமில்ல. நடந்ததச் சொல்லுங்க. பாவம், ஓய்வு நேரத்துல அவளா கூடாரத்துக்குள்ள போய்ப் படுத்துட்டா. யாரும் அனுப்பல. அவ்வளவுதான்."

கூட்டத்தில் ரேடியோ என்கிற பெண் நின்றிருந்தாள். வாயை மூடினால் நோய் வந்துவிடும் என்று பயப்படுகிறவள் போலப் பேசுவாள். அதனால் அந்தப் பெயர். "படுக்கப் போனாளா? அந்த அடுப்புக்குள்ளயா?" என்று கேட்டாள்.

"நிழல்னு நெனச்சிருப்பாம்மா."

"அவ வாளி நெறஞ்சிருந்துச்சே மொதலாளி. தூங்கிக்கிட்டேவா பறிச்சா?"

மேஸ்திரி முறைத்தான். முதலாளி சிரித்தார். "எந்த வாளி? எங்க இருக்கு, காட்டு."

அந்த வாளிப் பழம் எப்போதோ கப்பல் ஏறியிருந்தது.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார் முதலாளி. குரல் இன்னும் இனிப்பாகத்தான் இருந்தது. "அவ முழிச்சிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டாளா? இந்த வட்டாரத்துலயே பெரிய தொண்டை அவளுக்கு. கூப்பிட்டிருந்தா உங்க யாருக்காவது கேட்டிருக்காதா? கேட்டுச்சா? யாருக்குக் கேட்டுச்சு, கைய தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. தண்ணீர்க்காரன் ஓரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வை தன்மேல் வந்தபோது எக்ஸ்பிரஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தீங்களா?" என்றார் முதலாளி. "அவ கூப்பிடல. தூக்கத்துலயே போய்ட்டா. அதுவும் ஒரு புண்ணியம்தான். நாளைக்கு இதையே சொல்லுங்க. நீங்க இருக்கற வீடு நான் கட்டினது, நம்ம எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள இருக்கறது வெளிய போகக் கூடாது."

கார் போயிற்று. ஸ்பீக்கர் கூவியது. பாதிச் சிரிப்பு சிரித்தது.

வேலை முடிந்து கை கழுவும் தொட்டியில் எக்ஸ்பிரஸ் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நீலக் கறை எப்போதோ போய்விட்டது.

"தோல உரிச்சு எடுத்துட்டுப் போகப் போறியா?" என்றாள் ரேடியோ. "நவுருடி, நாங்களும் கழுவணும்ல."

எக்ஸ்பிரஸ் நகரவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்குக் கேட்டுச்சுக்கா."

"என்னது?"

"அன்னிக்கு. அண்ணி கூப்பிட்டது. மூணு தடவ. ஸ்பீக்கர்னு நெனச்சுட்டேன். பக்கத்து வரிசைக்கா. எட்டிக் கொக்கிய எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்." அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

ரேடியோ திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். ரேடியோ கையில் வைத்திருந்த துண்டை அவளிடம் நீட்டிவிட்டுக் கேட்டாள்.

"சிரிப்பு வரல இல்ல?"

எக்ஸ்பிரஸ் நிமிர்ந்தாள்.

"எனக்கும் கேட்டுச்சுடி. சிரிப்பு வரலயேன்னுகூடத் தோணுச்சு. மெஷின் கெட்டுப்போச்சு போலன்னு நெனச்சு அடுத்த செடிக்குப் போய்ட்டேன். ஊர்க்கதையெல்லாம் பேசற வாய், இத ஒருத்தர்கிட்ட சொல்ல முடியல. எனக்கு மட்டும்தான் கேட்டுச்சுன்னு நெனச்சேன்."

பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தி விம்மினாள். போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். எல்லாரும் அவளைப் புதுசு என்பார்கள். "நான் எந்திரிச்சேன்க்கா. எந்திரிச்சு ரெண்டடி வச்சேன். அப்புறம் மேஸ்திரி திட்டுவான்னு குனிஞ்சுட்டேன்." பெட்டி ஏற்றுகிற டிராக்டர்க்காரர் தொட்டிக்கு அந்தப்புறம் நின்றிருந்தார். பெண்கள் பேச்சில் தலையிடாத மனுஷர். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எனக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒவ்வொருத்தர் வாயிலிருந்தும் அதுவே வந்தது. தொட்டியைச் சுற்றி நின்ற எல்லார் நெஞ்சிலும் அந்தக் கூவல் தனித்தனியாகக் கிடந்திருக்கிறது. ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் படுத்துக்கொண்டு, தான் மட்டுமே பாவி என்று ஒவ்வொருத்தரும் தூக்கமில்லாமல் புரண்டிருக்கிறார்கள். முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? அவர் பூட்டுப் போட வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லா வாயும் தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்குச் சொல்லுவோம்" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"என்னன்னு? கேட்டும் போகலன்னா?" என்றாள் புதுசு.

"ஆமா. அப்படித்தான். நாம கேட்டோம்னு சொன்னாத்தான் அவ கூப்பிட்டான்னு ஆகும். அவ கூப்பிட்டான்னாத்தான் அவ உள்ள முழிச்சு நின்னு வேல செஞ்சான்னு ஆகும். இல்லன்னா தூங்கிச் செத்தவளாவே போயிருவா. நாளைக்கு இன்னொருத்தி அந்தக் கூடாரத்துக்குள்ள போவா."

"உங்கண்ணன்கிட்ட?"

சாயங்காலம் எக்ஸ்பிரஸ் மோட்டார் கொட்டகை வரைக்கும் போனாள். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு குழாய்க்கு வளையம் மாற்றிக்கொண்டிருந்தான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்த முதுகு அது. அவள் சொன்னால் அந்த முகம் இனி தன் பக்கம் திரும்பாது. குடும்பம் என்று அவளுக்கு மிச்சம் அவன் ஒருத்தன்தான். "சாப்பிட வாண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் விடியலில் யாரும் வாளியை இடுப்பில் கட்டவில்லை. கூடாரத்தின் முன்னால் மண்ணில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கூடாரத்துக்குள்ளும் வெளியே வரிசைகளிலும் பழம் நீலமாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. குளிர் தேசமாக இருந்தால் இரண்டு நாள் பொறுக்கும். இந்த வெயிலில் இன்றைக்குப் பறிக்காதது நாளைக்குக் கூழ். மேஸ்திரி முதலில் திட்டினான், அப்புறம் கெஞ்சினான், அப்புறம் போனை எடுத்துக்கொண்டு தூரமாகப் போனான்.

அதிகாரி வருவதற்கு முன்பே முதலாளி வந்து சேர்ந்தார். இன்றைக்கு வாயில் தேன் இல்லை.

"என்ன இது? பழம் போகுது, எல்லாரும் காத்து வாங்குறீங்க?"

"அதிகாரி வரட்டும்" என்றாள் ரேடியோ. "பேசிட்டுப் பறிக்கறோம்."

"என்ன பேசப் போற?"

எக்ஸ்பிரஸ் எழுந்தாள். அண்ணன் கம்பத்தடியிலிருந்து நடந்து வந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். அவன் வருவதற்குள் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம், அவன் காதில் விழவேண்டும் என்று நின்றாள். அவன் பக்கத்தில் வந்ததும் சொன்னாள்.

"அண்ணி கூப்பிட்டாங்க. நான் கேட்டேன்."

"நானும் கேட்டேன்" என்றாள் ரேடியோ எழுந்து. புதுசு எழுந்தாள். டிராக்டர்க்காரர் எழுந்தார். வரிசை முழுக்க எழுந்தது.

முதலாளி ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு முகம் தெளிந்தது. அவருக்கு ஆயுதம் கிடைத்துவிட்டது.

"ஓஹோ. கேட்டுச்சா? கேட்டுட்டும் சும்மா இருந்தீங்களா? அப்ப அவள கொன்னது நானா, நீங்களா?" தண்ணீர்க்காரன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கய்யா. உன் கூடப் பிறந்தவதான். உன் பொண்டாட்டி தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கா. இவ பக்கத்துல நின்னு பழம் பறிச்சிருக்கா. அதிகாரிகிட்ட இதச் சொல்லட்டும். யாரப் பிடிச்சு உள்ள வைப்பாங்கன்னு பாப்போம்."

புதுசு அழ ஆரம்பித்தாள். எக்ஸ்பிரஸ் வாயைத் திறந்தாள், அதில் வந்தது அவளுக்கே தெரியாமல் அவளுக்குள் இருந்த பேச்சு.

"எங்க மேலயும்தான் பழி இருக்கு. இல்லன்னு சொல்லல. சாகற வரைக்கும் தூக்கிச் சுமக்கறோம். ஆனா கொக்கி மாட்டினது யாரு? உச்சி வெயில்ல தனியா உள்ள அனுப்பினது யாரு? அவ கொரலப் பிடிச்சுக் கம்பத்துல கட்டி, அவ கூப்பிட்டா திரும்பாத, திரும்பாதன்னு எங்களக் கத்திக் கத்திப் பழக்கினது யாரு? நீங்க பழக்கினத நாங்க செஞ்சோம். அத இன்னிக்கு விடறோம்."

முதலாளி அவளைப் பார்க்கவில்லை. தண்ணீர்க்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லுய்யா. இந்த மாதிரி ஒரு தங்கச்சிய நீ மன்னிப்பியா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். இரண்டு வாரமாகக் கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்த முகம். அதில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"மோட்டார் நின்னு போயிருந்துச்சு" என்றான்.

யாருக்கும் புரியவில்லை.

"அன்னிக்கு மத்தியானம் கரண்ட் போச்சு. மோட்டார் நின்னுச்சு. எப்ப வரும்னு பாக்க நான் வெளிய வந்து நின்னேன். அப்பத்தான் அவ கொரல் கேட்டுச்சு." அவன் கம்பத்தைக் கை காட்டினான். "கரண்டே இல்ல. அப்புறம் எந்த ஸ்பீக்கர் கூவும்? தோட்டத்துலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் அது தெரியும். தெரிஞ்சும் எனக்கு ஒறைக்கல. மோட்டார் நின்ன நேரத்துல குழாய்க்கு வளையம் மாத்தலாம்னு குனிஞ்சுட்டேன்."

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒவ்வொருத்தரா வந்து கேட்டேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? யாராச்சும் ஒருத்தர் கேட்டுச்சுன்னு சொன்னா நானும் சொல்லிடலாம்னுதான். யாரும் சொல்லல. எனக்கும் வாய் வரல." முதலாளி பக்கம் திரும்பினான். "அதிகாரி வரட்டும் மொதலாளி. கரண்ட் போன நேரம் கரண்ட் ஆபீஸ்ல இருக்கும். ஸ்பீக்கர் கூவலன்னா கூவினது யாருன்னு அவரே கணக்குப் போட்டுக்கட்டும். நான் கேட்டேன். எம்பொண்டாட்டி உசுரோட நின்னு கூப்பிட்டா. அதச் சொல்லிட்டு எந்தத் தண்டனை வந்தாலும் வாங்கிக்கறேன்."

"வீட்டக் காலி பண்ண வேண்டியிருக்கும்" என்றார் முதலாளி. குரல் கீழே இறங்கியிருந்தது. "எல்லாரும். இன்னிக்கே."

"பண்றோம்" என்றாள் ரேடியோ. "பழம் யாரு, உங்க மேஸ்திரி ஒருத்தனே பறிப்பானா?"

டிராக்டர்க்காரர் யாரிடமும் கேட்காமல் கூடாரத்துப் பக்கம் நடந்து போய், பக்கவாட்டுத் தாளைச் சுருட்டுகிற கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். துருப்பிடித்து அது அசையவில்லை. இரண்டு பெண்கள் போய்க் கூடச் சேர்ந்து பிடித்தார்கள். தாள் முனகிக்கொண்டு மேலே ஏறியது. உள்ளே அடைபட்டுக் கிடந்த நேற்றைய சூடு வெளியே வந்து எல்லார் முகத்திலும் அடித்தது. மேஸ்திரி ஓடி வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். "குருவி வரும், குருவி வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வந்தால் வரட்டும்.

தூரத்தில் தோட்டத்து மண்பாதையில் ஒரு ஜீப் தூசி கிளப்பிக்கொண்டு திரும்பியது. அதில் வருகிற அதிகாரி எப்படிப்பட்டவனோ, யார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறானோ, யாருக்குத் தெரியும். வீடு இருக்குமா, வேலை இருக்குமா, நாளைக்கு அடுப்பு எரியுமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. முதலாளி சட்டையைச் சரிசெய்துகொண்டு ஜீப்பை எதிர்கொள்ளப் போனார்.

எல்லாரும் மறுபடி மண்ணில் உட்கார்ந்தார்கள். அண்ணன் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தனியாக நின்றான். எக்ஸ்பிரஸ் ரேடியோவின் தோளைத் தள்ளினாள்.

"கொஞ்சம் நவுருக்கா. அண்ணன் உக்காரட்டும்."